சுருளிவேல் வீட்டுச் சமத்துவப் பாடம்

பிரெஞ்சுப் புரட்சியைப் பாடப்புத்தகத்தில் போட்டார்கள். ரஷ்யப் புரட்சியை மேடைதோறும் பேசினார்கள். 1958-இல் திண்டுக்கல் வெங்காய மண்டி சுருளிவேலின் வீட்டு முன்கூடத்தில் நடந்த கல்விப் புரட்சியைத்தான் ஒருவரும் கண்டுகொள்ளவில்லை. அந்த அநீதியை இங்கே சரிசெய்தாக வேண்டும்.

சுருளிவேல், சமத்துவச் சங்கத்தின் தலைவர். மைக்கைக் கண்டால் "மானுடமே!" என்று ஆரம்பிப்பார். மாலை போட்டு உட்கார வைத்தால்தான் முடிப்பார். அப்படிப்பட்டவர் ஒருநாள், மகள் பொன்னழகு மறந்துவிட்டுப் போன குடையை எடுத்துக்கொண்டு மத்தியானம் அவள் பள்ளிக்கூடத்துக்குப் போனார். அங்கே சோறு போடும் நேரம். போன வேகத்தில் திரும்பிவிட்டார். சாயங்காலம் அறிவிப்பு வந்தது.

"இனிமே பள்ளிக்கூடம் வேணாம் தாயி. வரலாறும் சமூகநீதியும் நானே சொல்லித் தாரேன். புத்தகம் கெடையாது, பரீச்சை கெடையாது. பேச்சுதான். என்ன வேணும்னாலும் கேளு!"

பத்து வயசுப் பிள்ளைக்கு இதைவிடப் பெரிய சுதந்திரம் எந்த நாட்டில் உண்டு? பொன்னழகு கேட்டாள்.

"பிரான்சுல ராசாவை ஏன்ப்பா வெரட்டுனாங்க?"

அதற்குப் பதில் அரை நாள் ஓடியது.

"ஆப்பிரிக்காவுல கறுப்பு மனுசங்களுக்கு ஏன்ப்பா தனிப் பெஞ்சு?"

சுருளிவேல் அழுதே விட்டார். கலப்படமில்லாத கண்ணீர். துண்டு நனைந்துவிட்டது.

"நம்ம மண்டியில வெங்காயம் பொறுக்குற கருப்பம்மாளுக்கு மட்டும் ஏன்ப்பா செரட்டையில காப்பி?"

"அது அடுத்த பாடம்."

நீதி கப்பலேறி வரும், ரயிலேறி வரும். வடமதுரை ஸ்டேஷனோடு இறங்கிக்கொள்ளும். திண்டுக்கல்லுக்கு அது டிக்கெட் எடுத்ததே இல்லை.

இப்படியிருக்கையில் பள்ளிக்கூடத்து இஞ்ஞாசியம்மாள் டீச்சர் வீடு தேடி வந்தார்.

"ஐயா, திங்கக்கெழமைக்குள்ள வரலேன்னா பேரை அடிச்சிருவாங்க. நல்லாப் படிக்கிற புள்ள."

கதவுக்குப் பின்னால் நின்ற பொன்னழகு கதவோடு இன்னும் ஒட்டிக்கொண்டு கேட்டாள். பள்ளிக்கூடம் வேண்டும் அவளுக்கு. அதைவிட, கூடப் படிக்கும் கருப்பம்மாள் மகள் ஒச்சம்மாள் வேண்டும்.

சுருளிவேல் ஜனநாயகவாதி. "ஞாயித்துக்கெழமை சங்கத்தார் வந்து பாக்கட்டும் டீச்சர். இந்தப் படிப்பு சரியில்லைன்னு அவுங்க சொன்னா, மறுநாளே அனுப்பிர்றேன்."

ஞாயிற்றுக்கிழமை சங்கம் கூடியது. வடையும் கூடவே வந்தது. டீச்சரும் வந்து ஓரமாக உட்கார்ந்திருந்தார். செயலாளர் ஆண்டிச்சாமி தொண்டையைச் செருமிக்கொண்டு கேட்டார்:

"சமத்துவத்தை நீ எங்க பாத்தே தாயி?"

'பிரான்சு' என்று சுருளிவேல் உதட்டை அசைத்து எடுத்துக்கொடுத்தார். பொன்னழகு அந்தப் பக்கம் திரும்பவில்லை.

"பள்ளிக்கூடத்துல, மத்தியானச் சோத்துல பாத்தேன் மாமா. ஒச்சம்மாளுக்கு என் தயிர்ச்சோத்தைக் குடுத்துட்டு, அவ தட்டுல சாம்பார்சோறு அள்ளித் தின்னேன். அப்பா கொடை குடுக்க வந்தப்பப் பாத்தாரு. அன்னைக்கே என்னைய நிறுத்திட்டாரு. அங்ஙன இருந்ததத்தான் இப்ப இங்ஙன பாடமாச் சொல்லித் தாராரு."

சுருளிவேலின் முகம் செத்துப்போயிற்று. பிழைத்தோம் என்று டீச்சர் நிமிர்ந்து உட்கார்ந்தார். ஆண்டிச்சாமி பாதி வடையைக் கீழே வைத்தார்.

"ஏந் தாயி... அந்தப் பந்தியில எங்க வீட்டுப் பயலும் உக்காருறானா?"

"ஆமா மாமா. ஒச்சம்மாளுக்கு அந்தப் பக்கம் அவன்தான்."

சங்கம் அதற்குமேல் ஒரு நிமிஷத்தையும் வீணாக்கவில்லை. சுருளிவேலின் கல்விமுறை நாட்டுக்கே வழிகாட்டி என்று ஒருமனதாகத் தீர்மானம் போட்டது. திங்கட்கிழமை பொன்னழகின் பெயரை அடித்தார்கள். அன்றைக்கே ஆண்டிச்சாமி வீட்டிலும் "மானுடமே!" என்று பாடம் தொடங்கிவிட்டது. வாரம் முடிவதற்குள் சங்கத்தார் வீடுகள் அத்தனையிலும் பிரெஞ்சுப் புரட்சி.

சமத்துவம் இத்தனை வேகமாகப் பரவிய ஊர் வேறு கிடையாது. மத்தியானப் பந்தியில் இப்போது ஒச்சம்மாளுக்கு இரண்டு பக்கமும் தாராளமாக இடம்.