சூரியனை மட்டும் நம்பிய பற்றரி

மாமனார் வீட்டில் கெட்டிக்காரன் என்று பெயரெடுக்க ஆசைப்படாத மருமகன் உலகத்தில் கிடையாது. எனக்கு அந்த ஆசை அளவுக்கு மிஞ்சி இருந்தது. கெட்டித்தனம்தான் கடைசிவரை வந்துசேரவில்லை.

சண்டை மறுபடி தொடங்கியிருந்த காலம். பேசாலைப் பக்கம், மனைவியின் பெற்றோரோடு இருந்தோம். மாமாவுக்கு முட்டு வருத்தம். மூச்சு இழுக்கத் தொடங்கினால், மருந்தைப் புகையாக்கித் தரும் சின்ன மெஷின் ஒன்றுதான் கதி. அதற்குக் கரண்ட் வேண்டும். கரண்டோ சொல்லாமல் வரும், சொல்லாமல் போகும். ஆகவே ஒரு சோலார் பனல், பற்றரி, இன்வேர்ட்டர் எல்லாம் வாங்கிப் பூட்டினேன். (பூட்டியவர் கடைக்காரர். நான் ஸ்குரூ டிரைவரை எடுத்துக் கொடுத்தேன்.) தகரக் கூரை தாங்காது என்று, பனலை முற்றத்திலேயே இடுப்பளவு உயரத்தில், கிட்டத்தட்டத் தட்டையாகப் படுக்கவைத்தோம்.

பற்றரி வெயிலோடு லைன் கரண்டையும் சேர்த்துக் குடித்தது. ஒழுங்கையில் இருந்த வீடுகள் எல்லாவற்றுக்கும் ஒரே மெல்லிய கரண்ட் கம்பி. மீன் லொறி வைத்திருந்த பக்கத்து வீட்டு ஹனீபா நானா வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தார்.

"தம்பி, உங்கட பற்றரிக்கு நல்ல பசி போல. எங்கட பல்ப் பட்டினி கிடக்குது."

எனக்கு ரோசம் வந்துவிட்டது. இன்வேர்ட்டரின் பின்பக்கம் இருந்த சின்ன சுவிட்சைக் கீழே தட்டிவிட்டு, வீட்டாரைக் கூட்டிப் பிரசங்கம் செய்தேன்.

"இனி லைன் கரண்ட் ஒரு சொட்டும் பற்றரிக்குப் போகாது. முழுக்கச் சூரியன்!"

"அதுக்குக் காணுமான வெயில் படுமே தம்பி?" என்றார் மாமி.

"என்ன மாமி இப்பிடிக் கேட்டுப்போட்டியள்? மன்னாரிலயே இதைவிட வெயில் படுற இடமில்லை. காலமை தொட்டுப் பின்னேரம் மட்டும் நிழலே விழாது. சூட்டுக்குக் காகம்கூட இருக்காது."

மாமி மெல்லத் தலையாட்டினார். (பாராட்டுகிறார் என்று நினைத்தேன்.)

நான் காலையில் கந்தோர் வேலைக்குப் போனால் பொழுதுபடத்தான் வருவேன். நாலாம் நாள் சனிக்கிழமை. லீவு என்று வெளியே எட்டிப் பாராமல் படுத்திருந்தேன். மத்தியானம் மாமாவுக்கு இழுக்கத் தொடங்கியது. கரண்ட் இல்லை. மெஷினைப் போட்டேன். அது ஒருதரம் முனகிவிட்டு நின்றது. பற்றரியில் உயிரில்லை. ரோட்டிலோ ஆமியின் சுற்றிவளைப்பு, ஆஸ்பத்திரிப் பக்கம் ஒருவரையும் விடவில்லை. மாமாவின் உதடு நீலம் பாரித்தது.

"என்னப்பா செய்துகொண்டு நிக்கிறியள்?" மனைவி கத்தினாள்.

"வயர் எல்லாம் சரி. சூரியனிலதான் ஏதோ பிழை!"

(ஆம், இப்படித்தான் சொன்னேன்.)

சத்தம் கேட்டு முற்றத்தால் ஓடிவந்த நானா வாசலில் நின்றார். "தம்பி, சூரியன் சரியாத்தான் நிக்குது. இடையில மீன் நிக்குது."

பாய்ந்து போய்ப் பார்த்தேன். பனல் நிறைய, உப்புப் போட்ட சூடை மீன். ஊசி குத்த இடமில்லாமல் வரிசையாகப் படுத்திருந்தன.

"நீங்கள்தானே சொன்னியள்," மாமி அழுதார், "இதைவிட வெயில் படுற இடமில்லை, காகமும் வராதெண்டு! மூண்டு நாளா வடிவாக் காயுது..."

எங்கள் கரையில் ஒரு மனுசியிடம் இப்படியொரு இடத்தைச் சொன்னால் வேறு என்ன செய்வார்?

நானா காத்திருக்கவில்லை. லொறியைப் பின்பக்கமாக எடுத்தார். அவருடைய கிடுகு வேலி படபடவென்று சரிந்தது. ஐஸ் தண்ணீர் சொட்டச் சொட்ட லொறி எங்கள் ஜன்னலோடு வந்து நிற்க, அதன் பற்றரியில் என் இன்வேர்ட்டர் வயர்களைக் கவ்வக் கொடுத்தார். மெஷின் உறுமியது. வெள்ளைப் புகை வந்தது. கால்மணி நேரத்தில் மாமாவின் நெஞ்சு அடங்கியது.

"நானா, வேலி..." என்றேன்.

"அட விடுங்க தம்பி. வேலி நாளைக்குக் கட்டலாம்."

மாமா முகமூடியைக் கழற்றி, முழுசாக ஒரு மூச்சு இழுத்து, என்னைப் பார்த்தார்.

"எங்கட கருவாட்டு எஞ்சினியர்!"

அதற்குப் பிறகும் மாமா பல வருடம் இருந்தார். லண்டனில் இருக்கும் மச்சான், மாமாவின் மகன், தன் வீட்டுக் கூரையில் சோலார் போட்டபோதும் முதல் போன் எனக்குத்தான்: "எஞ்சினியர், கருவாடு எந்தப் பக்கம் போடுறது?" வேறு யாரும் வைத்த பட்டமென்றால் சண்டை பிடித்திருப்பேன். இது மாமா திரும்பிப் பெற்ற முதல் மூச்சில் வந்த பெயர். இன்றுவரை கூப்பிட்டவுடன் "ஓம்" என்றுதான் சொல்கிறேன்.