நாங்கள் நன்றாகப் பாடினோம்

உலகத்தில் காத்திருப்பவர்கள் பல வகை. பஸ்ஸுக்குக் காத்திருப்பவர் உண்டு, ரத்தப் பரிசோதனை முடிவுக்குக் காத்திருப்பவர் உண்டு, எங்கள் விஸ்கான்சினில் ஏப்ரல் கடைசி வரை பனி உருகக் காத்திருப்பவரும் உண்டு. இவர்களெல்லாம் சாதாரண மனிதர்கள். பேசினால் பதில் சொல்வார்கள், தட்டில் போட்டால் சாப்பிடுவார்கள். நான் உங்களுக்கு அறிமுகப்படுத்துவது வேறோர் இனம். பிப்ரவரியில் தலைகாட்டி, மார்ச் கடைசியில் முற்றிப்போகும் இந்த இனத்தின் முழுப்பெயர்: பிள்ளையை நாடகக் கல்லூரி ஆடிஷனுக்கு அழைத்துப் போய்விட்டு வந்து, முடிவுக்காகக் காத்திருக்கும் பெற்றோர்.

அடையாளம் கண்டுபிடிப்பது சுலபம். பன்மையில் பேசுவார்கள்.

“சிகாகோவில நாங்க நல்லாப் பாடினோம்.” “நாலாவது காலேஜ்ல எங்களுக்குத் தொண்டை கட்டிக்கிச்சு.” “டான்ஸ்லதான் எங்க இடது கால் கொஞ்சம் பிந்திடுச்சு.”

சொல்கிறவளுக்கு வயது நாற்பத்தொன்பது. இரண்டு முழங்காலிலும் வலி. கடைசியாக ஆடியது தன் கல்யாணத்தில், அதுவும் மாமனார் கையைப் பிடித்து இழுத்ததால். ஆனாலும் எங்க இடது கால்!

இந்த இனத்தில் இதுவரை நான் பார்த்த முதல்தர மாதிரி என் பக்கத்து வீட்டு ஹைடி நோவாக். நல்லவள். பல் மருத்துவமனையில் பல் சுத்தம் செய்யும் வேலை. அவள் புருஷன் கர்ட், வருஷத்தில் ஒன்பது நாள் மான் வேட்டைக்குப் போவான், மிச்ச நாளெல்லாம் அதைப் பற்றி யோசிப்பான். ஒரே மகள் பிரின். பதினேழு வயது. பிரினுக்குப் பாட்டும் நடிப்பும் சேர்ந்த மேடை நாடகம்தான் வாழ்க்கை. குளிக்கும்போது பாடுவாள், ஜனவரியில் இரண்டு வீட்டு ஜன்னலும் இறுக மூடியிருந்தாலும் என் சமையலறை வரை கேட்கும். பத்து வருஷமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். ஏழு வயதில் சுருதி கொஞ்சம் முன்னே பின்னே இருந்தது என்பதையும் பக்கத்து வீட்டுக்காரி என்ற முறையில் பதிவுசெய்கிறேன்.

பன்னிரண்டு கல்லூரிகள். அதில் பதினொன்று சும்மா பெயருக்கு. பிரின் மனதில் இருந்தது ஒன்றே ஒன்று. அதன் பெயர் என்ன என்று கேட்கிறீர்களா? ஹைடி வீட்டில் அந்தப் பெயரைச் சொல்லக்கூடாது. சொன்னால் கிடைக்காதாம். ‘அந்த எடம்’ என்றுதான் சொல்ல வேண்டும். எல்லாம் முடிந்த பிறகும் எனக்கு இங்கே அதை எழுதத் தைரியம் வரவில்லை, பாருங்கள்.

வருஷத்துக்குப் பதினாறு பேரைத்தான் அந்த இடம் எடுக்கும். வந்து பாடிவிட்டுப் போகிறவர்கள் இரண்டாயிரத்துக்கு மேல். அதன் நிறம் நீலமும் ஆரஞ்சும். இதில் கர்டுக்கு ஒரு தனிச் சங்கடம். எங்கள் ஊர்க் கால்பந்து அணியின் பரம எதிரியான சிகாகோக்காரர்களின் நிறமும் அதுதான். அந்த நிறத்தில் ஒரு கைக்குட்டை வைத்திருந்தால்கூட எங்கள் தெருவில் பார்பெக்யூவுக்குக் கூப்பிட மாட்டார்கள். கர்ட் எப்போதாவது பெருமூச்சு விடுவான்.

ஆடிஷன் நடந்தது சிகாகோவில் ஒரு ஹோட்டலில். மூடிய கதவு. உள்ளே மேசைக்குப் பின்னால் மூன்று பேர். வெளியே தாழ்வாரத்தில் ஐம்பது தாய்மார்கள், ஐம்பது வெந்நீர்க் குடுவை, தேன், இஞ்சி, நீராவி பிடிக்கும் கருவி. ஒரு பிரசவ ஆஸ்பத்திரியில்கூட இவ்வளவு ஏற்பாடு இருக்காது. உள்ளே பிள்ளை மூன்று நிமிஷம் பாடும். வெளியே வந்ததும்தான் உண்மையான தேர்வு ஆரம்பம்.

“என்ன சொன்னாங்க?”

“நன்றின்னு சொன்னாங்க.”

“எப்பிடிச் சொன்னாங்க?”

“வாயாலதான்.”

“வெளையாடாதடி. ‘நன்றீ’ன்னு இழுத்தாங்களா, ‘நன்றி’ன்னு வெட்டினாங்களா? மூணு பேருமா? சிரிச்சாங்களா? எழுதிட்டே சொன்னாங்களா, நிமிந்து பாத்துச் சொன்னாங்களா?”

“அம்மா, நான் பாடிட்டிருந்தேன்மா.”

இதை வைத்துக்கொண்டு ஹைடி ஆறு வாரம் குடித்தனம் நடத்தினாள். அந்த ஒரு ‘நன்றி’யை விதவிதமாகச் சொல்லிக் காட்டி, இதில் எது போல் இருந்தது என்று மகளிடம் கேட்டாள், புருஷனிடம் கேட்டாள், என்னிடம் கேட்டாள், கடைசியில் வாயில் கண்ணாடியும் குழாயும் மாட்டிக்கொண்டு மல்லாந்து கிடக்கும் நோயாளிகளிடம் கேட்க ஆரம்பித்தாள். அவர்கள் பாவம், என்ன பதில் சொல்வார்கள்? “ஆ” என்றார்கள். அதை ஆமோதிப்பு என்று எடுத்துக்கொண்டாள்.

இவர்களுக்கென்று இணையத்தில் ஒரு குழு உண்டு. ஆயிரத்து நானூறு பெற்றோர். அவர்கள் பேச்சில் யார் பிள்ளைக்கும் கல்லூரியில் இடம் மறுக்கப்படுவதில்லை. ‘வேறு பாதைக்குத் திருப்பிவிடப்படுகிறார்கள்’. ஆடிஷனில் வீட்டு நாயைப் பற்றி விசாரித்தால் இடம் நிச்சயம் என்று டெக்ஸாஸில் ஒருத்தி எழுதினாள். ஹைடிக்கு அன்று முழுக்கச் சோறு தண்ணீர் இறங்கவில்லை. ஏனென்றால் நோவாக் வீட்டில் நாய் கிடையாது.

“லோரி, நாய் இருக்குன்னு பொய் சொல்லியிருக்கலாமோ?” என்று வேலிக்கு மேலாக என்னிடம் கேட்டாள்.

“அவங்க கேக்கவே இல்லையே.”

“அதான் சொல்றேன். கேக்க வச்சிருக்கணும்.”

நான் உள்ளே போய்விட்டேன்.

மார்ச் பிறந்தது. பதில்கள் வர ஆரம்பித்தன. ஒன்று, இல்லை. இரண்டு, இல்லை. ஐந்தாவது கல்லூரி மிகுந்த வருத்தத்துடன் இல்லை. தவக்கால வெள்ளிக்கிழமைகளில் தேவாலயக் கூடத்தில் ஊரே மீன் வறுவல் சாப்பிடக் கூடும். அங்கே ஹைடியைப் பார்த்ததும் எல்லோரும் கோஸ் சாலட் பாத்திரத்தைக் கவனமாகப் பார்க்கத் தொடங்கினார்கள். ஹார்லன் என்ற கிழவர் மட்டும், “நர்ஸிங் படிக்கலாமே, சீருடையெல்லாம் குடுப்பாங்க” என்றார். ஹைடி மீனை அப்படியே வைத்துவிட்டு எழுந்துவிட்டாள்.

பதினொன்றாவது ‘இல்லை’ வந்த பிறகு பக்கத்து வீட்டுக் குளியலறையிலிருந்து பாட்டு வரவில்லை. தண்ணீர் சத்தம் மட்டும் வந்தது. இவ்வளவு நேரம் கேலி பேசிக்கொண்டிருந்தேனே, அந்த வாரம் நானே குளிரில் சமையலறை ஜன்னலைத் திறந்துவைத்துக் காது கொடுத்துக் கேட்டேன். இன்னும் ஒன்றுதான் பாக்கி. அந்த இடம்.

அந்த இடத்தின் முடிவு மார்ச் கடைசி வெள்ளிக்கிழமை மாலை நான்கு மணிக்குக் கல்லூரியின் இணையப் பக்கத்தில் வரும் என்று அறிவித்தார்கள். பிரினுக்கு ஐந்தரை வரை பள்ளி நாடக ஒத்திகை. ஆகவே வீட்டில் ஓர் ஒப்பந்தம். ஆறு மணிக்கு, சமையலறை மேசையில், எல்லோரும் சேர்ந்து. பிரின்தான் தன் கையால் திறக்க வேண்டும். அதை நான் செல்போனில் படம் எடுக்க வேண்டும். ஏன் படம்? இந்த இனத்தில் அது ஒரு சடங்கு. அந்த இடத்தில் இடம் கிடைத்தால், பக்கம் திறந்த உடனே திரையின் உச்சியிலிருந்து நீலமும் ஆரஞ்சுமாக வண்ணக் காகிதத் துணுக்குகள் மழையாகக் கொட்டும். பிள்ளை கத்தும், அம்மா வாயைப் பொத்திக்கொண்டு அழுவாள், அப்பா கூரையைப் பார்ப்பார். போன வருஷத்துப் படங்கள் குழுவில் நூற்றுக்கணக்கில் கிடக்கின்றன. இடம் இல்லையென்றால் காகிதமும் இல்லை. வெள்ளைத் திரையில் வெறும் கடிதம்.

ஆறு அடிக்க ஐந்து நிமிஷம் இருக்கும்போது போனேன். ஹைடி உதட்டுச் சாயம் பூசியிருந்தாள். ஆறு வாரமாகத் தலையைக்கூட ஒழுங்காக வாராதவள்! கர்ட் மேசை ஓரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றான். பிரின் மடிக்கணினி முன்னால் உட்கார்ந்து பாஸ்வேர்டை அடித்தாள். இரண்டு தடவை தப்பாக அடித்தாள். நான் போனைத் தூக்கிப் பிடித்தேன். அப்போது ஒன்றைக் கவனித்தேன். பக்கம் இன்னும் திறக்கவே இல்லை. ஹைடி அதற்குள் வாயைப் பொத்திக்கொண்டுவிட்டாள்.

திறந்தது.

வெள்ளைத் திரை. வெறும் கடிதம்.

பிரின் ஒரு வரியும் படிக்கவில்லை. எதற்குப் படிக்க வேண்டும்? அரை விநாடி காகிதத்துக்காகக் காத்திருந்தாள். மூடியைச் சாத்தினாள். முகத்தில் ஒன்றும் காட்டவில்லை. நல்ல நடிகை என்று அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது.

“சரி,” என்றாள். “பசிக்குது. மீன் வாங்கிட்டு வரீங்களாப்பா?”

கர்ட் சாவியைத் தேட ஆரம்பித்தான். சாவி அவன் கையிலேயே இருந்தது.

“படி,” என்றாள் ஹைடி. “தெறந்து முழுசாப் படி.”

“வேணாம்மா.”

“படின்னு சொல்றேன்ல!”

“எதுக்கும்மா? காயிதம் விழல, பாத்தேல்ல?”

“அது ஒரு தடவைதான்டி விழும்!”

கர்ட் மெதுவாகத் திரும்பினான். ஒன்பது நாள் அசையாமல் மானுக்குக் காத்திருக்கிற மனுஷன், நிதானமாகக் கேட்டான்:

“ஒரு தடவைதான் விழும்னு ஒனக்கு எப்பிடித் தெரியும், ஹைடி?”

தெரியாமல் என்ன? விண்ணப்பம் பன்னிரண்டையும் நிரப்பியவள் அவள். பாஸ்வேர்டு உண்டாக்கியவளே அவள். நான்கு மணி மூன்று நிமிஷத்துக்கு, ஒரு நோயாளியை வாயைத் திறந்தபடியே நாற்காலியில் விட்டுவிட்டு, காகித டம்ளர் அடுக்கிவைக்கும் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு போனில் திறந்து பார்த்திருக்கிறாள். நீலமும் ஆரஞ்சுமாகக் கொட்டியிருக்கிறது. பயந்துபோய் மூடியிருக்கிறாள். மறுபடி திறந்தால் காகிதத்தைக் காணோம். பதினொரு தடவை மூடித் திறந்திருக்கிறாள். எப்படியாவது இன்னொரு தடவை விழுந்துவிடாதா என்று.

“ஒத்துக்கிட்டோம்லம்மா,” என்றாள் பிரின். “சேந்து பாக்கலாம்னு நீதான சொன்ன?”

“இல்லைன்னு இருந்தா முன்னாடியே அழுது முடிச்சிரலாம்னு பாத்தேன்,” என்றாள் ஹைடி. உதட்டுச் சாயமெல்லாம் போய்விட்டது. “நீ அழறப்ப நான் அழாம இருக்கணும்ல. பதினொரு காலேஜுக்கும் ஒனக்கு முன்னாடி நான்தான் அழுதேன். இந்தத் தடவையாவது… ஆமான்னு வந்துட்டா என்ன பண்றதுன்னு நான் யோசிக்கவே இல்லடி.”

பிரின் மூடியைத் திறந்தாள். படித்தாள். முதல் வரியிலிருந்து கையெழுத்து வரை, அப்புறம் மறுபடி முதல் வரியிலிருந்து. கத்துவாள் என்று போனை இறுக்கிப் பிடித்திருந்தேன். கத்தவில்லை. மூக்கை உறிஞ்சினாள்.

“எவ்ளோ நேரம் விழுந்துச்சு?”

“எட்டு செகண்டு இருக்கும்.”

“எம் பேரு வந்துச்சா?”

“பெருசா. நடுவுல. பாட்டுகூட வந்துச்சு.”

பிரின் நாற்காலியை இழுத்து மேசைக்குப் பின்னால் போட்டாள். உட்கார்ந்தாள். ஒரு காகிதத்தையும் பேனாவையும் எடுத்து முன்னால் வைத்துக்கொண்டாள். கையைக் கட்டிக்கொண்டாள்.

“செஞ்சு காட்டு.”

“என்னது?”

“காயிதம் எப்பிடி விழுந்துச்சோ அப்பிடியே. பாட்டோட.”

ஹைடி என்னைப் பார்த்தாள். நான் போனுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். அப்புறம் அந்த நாற்பத்தொன்பது வயதுப் பெண், இரண்டு முழங்கால் வலியோடு, சமையலறை நடுவில் வந்து நின்று, இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கி, பத்து விரலையும் ஆட்டி ஆட்டிக் கீழே இறக்கினாள். மறுபடி தூக்கினாள். ஏதோ ஒரு மெட்டை முனகிக்கொண்டே ஒரு சுற்றுச் சுற்றினாள். இடது கால் கொஞ்சம் பிந்தியது. எட்டு விநாடிதான் கணக்கு. இரண்டு நிமிஷம் கொட்டினாள். இடையில் கர்ட் கார் ஷெட்டுக்குப் போய்விட்டு வந்தான். வேட்டைச் சாமான் பெட்டிக்குள் பிப்ரவரி முதலே ஒளித்துவைத்திருந்த நீலமும் ஆரஞ்சுமான கம்பளிச் சட்டையைப் போட்டுக்கொண்டு கதவோரம் நின்று கூரையைப் பார்த்தான்.

பிரின் முகத்தில் ஒரு தசை அசையவில்லை. காகிதத்தில் என்னவோ எழுதினாள். ஹைடி மூச்சு வாங்கி நின்றதும் நிமிர்ந்து பார்த்தாள்.

“நன்றி,” என்றாள். மாடிக்குப் போய்விட்டாள்.

ஐந்து நிமிஷம் கழித்துத் தண்ணீர் சத்தம் கேட்டது. அதற்கு மேல் பாட்டும் கேட்டது. கர்ட் மீன் வாங்கப் புறப்பட்டான், அந்தச் சட்டையோடேயே, ஊரே கூடியிருக்கும் தேவாலயக் கூடத்துக்கு. எல்லாம் நல்லபடியாக முடிந்தது, ஹைடியும் இனிமேல் நிம்மதியாக உட்காருவாள் என்றுதானே நினைக்கிறீர்கள்? அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“லோரி, எல்லாத்தையும் படம் எடுத்தேல்ல? அந்தக் கடைசி ‘நன்றி’யைப் போடு. இழுத்தாளா, வெட்டினாளா? மன்னிச்சுட்டாளா, இல்லையா?”

ஒன்பது தடவை போட்டுக் கேட்டோம். எனக்கு மன்னித்த மாதிரித்தான் பட்டது. ஹைடிக்கு இன்றுவரை சந்தேகம். அவளிடம் பல் சுத்தம் செய்துகொள்ளப் போகிறவர்கள் தயாராகப் போகவும்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். உங்கள் பிள்ளை பாடாது, ஆடாது, ஏதோ ஒரு பரீட்சை எழுதிவிட்டு முடிவுக்குக் காத்திருக்கும். அல்லது அந்த வயதே இன்னும் வரவில்லை. இந்த இனத்துக்கும் உங்களுக்கும் ஸ்நானப்பிராப்தி கிடையாது. ரொம்ப சந்தோஷம். ஒரே ஒரு கேள்வி கேட்டுவிட்டுப் போகிறேன். உங்கள் பிள்ளையின் பாஸ்வேர்டு என்ன?

சொல்ல வேண்டாம். கேட்ட உடனே விரல் நுனிக்கு வந்துவிட்டதல்லவா?

நன்றி.