அலமாரி மேல் வைத்த படம்

அன்புள்ள மைத்துனருக்கு,

அத்தான் எழுதிக்கொள்வது. நான் நலம். போன மாதம் அறுவை மேசையில் இரண்டு நிமிடம் மட்டும் காலமாகியிருந்தேன். மற்றபடி குறை ஒன்றும் இல்லை. உங்கள் வீட்டிலும் எல்லோரும் நலம் என்று நம்புகிறேன். ஆறு வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லாததால் நம்பத்தான் முடிகிறது.

இதயம் நின்றதும் பஞ்சு மாதிரி மெல்ல மேலே போனேன். பயமே இல்லை. கீழே என் உடம்பைச் சுற்றிப் பரபரப்பு. மேலே ஒரே அமைதி, பால் வெளிச்சம். முப்பது வருடம் பெயின்ட் அடித்தவன் அல்லவா, கண் முதலில் கூரைக்குத்தான் போனது. மூலையில் பெயின்டுக்கு முன் பூசுகிற பட்டியைச் சரியாகத் தேய்க்காமல் விட்டிருந்தார்கள். அங்கேதான் உங்கள் அக்கா நின்றிருந்தாள். போய்ச் சேர்ந்து நாலு வருடம் ஆனவள் மாதிரியே இல்லை. "அதுக்குள்ள வந்துட்டீங்களா? வீட்டைப் பூட்டினீங்களா?" என்றாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. பிறகு உங்களுக்கு ஒரு சேதி சொன்னாள்.

கண் விழித்ததும் மயக்க மருந்து டாக்டரிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். அவரிடம் ஒவ்வொன்றுக்கும் விளக்கம் இருந்தது. கண்ணுக்கு ரத்தம் குறைந்தால் வெளிச்சம் தெரியுமாம். உடம்பு இருக்கும் இடத்தை உணர்கிற மூளைப் பகுதி குழம்பினால் மிதக்கிற மாதிரி இருக்குமாம். மூளையே ஏதோ சுரந்து நிம்மதி தருமாம். உங்கள் அக்காவோடு நாற்பது வருடம் குடித்தனம் நடத்தியபோது அது ஏன் ஒருநாளும் சுரக்கவில்லை என்று கேட்டேன். அவர் அடுத்த விளக்கத்துக்குத் தாவினார். "உங்க வீட்டம்மா வந்தது உங்க ஞாபகம்தான் சார்," என்றார். நான் விடவில்லை. "சரி, இப்படிச் சொல்றவங்களைச் சோதிக்கவே அந்த ஆபரேஷன் ரூம்ல அலமாரி மேல ஒரு படம் வச்சிருக்கேன். மேலேர்ந்து பார்த்தாத்தான் தெரியும். என்ன படம், சொல்லுங்க?" என்றார். "படமா? தூசியும் ஒத்தைக் கையுறையும்தான் கிடந்துச்சு," என்றேன். பரிதாபமாகச் சிரித்து, தாளில் 'தவறு' என்று எழுதிக்கொண்டார்.

ஆக, எல்லாம் மூளையின் வேலை. இரண்டாம் தடவை அவளைப் பறிகொடுத்த மாதிரி இருக்கிறது. ஆனாலும் விஞ்ஞானத்தோடு மல்லுக்கு நிற்க என்னால் ஆகுமா? வராதவள் சொன்ன சேதியை எழுதி உங்களையும் குழப்புவானேன். விட்டுவிடுங்கள்.

பிள்ளைகளுக்கு என் ஆசி. உங்களுக்கு என் வழக்கமான கோபம்.

இப்படிக்கு,
அத்தான்

பின்குறிப்பு: உறையை ஒட்டும்போது டாக்டர் போன் செய்தார். ஏணி போட்டு ஏறிப் பார்த்தாராம். சுத்தம் செய்கிறவர் படத்தை எப்போதோ எடுத்துப் போட்டுவிட்டாராம். மேலே தூசியும் ஒற்றைக் கையுறையும்தானாம். "தற்செயலா இருக்கும் சார்," என்றார். குரல் சரியில்லை. ஆகவே மேலே எழுதியதையெல்லாம் அடித்துவிட்டு, சேதியைக் கேளுங்கள். "நான் படுக்கையில கிடந்தப்ப தம்பி கேட் வரைக்கும் வந்தான். கொஞ்ச நேரம் நின்னுட்டுத் திரும்பிப் போயிட்டான். ஜன்னல் வழியா பார்த்தேன். வந்ததே போதும், எனக்குக் கோபமே இல்லன்னு சொல்லுங்க." இந்த விஷயம் எனக்குத் தெரியாது. என் மூளைக்கும் தெரியாது. வந்தீர்களா, மைத்துனரே?