காலி இடத்தைத் தியாகம் செய்த கரடி

ஒரு காட்டில், சிங்கம் வயதாகி ஓய்வு வாங்கிக்கொண்டு போன பிறகு, ராஜா வேலையை ஒரு மெயின்ஃப்ரேம் கம்ப்யூட்டர் பார்த்துவந்தது. மலையடிவாரத்துக் குகை முழுவதையும் அடைத்துக்கொண்டு அது உட்கார்ந்திருந்தது. எந்த மான் எந்தக் குளத்தில் தண்ணீர் குடிக்கலாம், எந்தக் குரங்குக்கு எந்தக் கிளை என்பதெல்லாம் அதன் கணக்கு. அதற்குப் புரோகிராம் எழுதும் மிருகங்களுக்கும் அந்தக் குகைக்குள்ளேயே வேலை. இயந்திரம் சூடாகிவிடக் கூடாது என்று எந்நேரமும் ஏசி ஓடியது. இயந்திரம் சுகமாக இருந்தது. மற்ற எல்லாருக்கும் சளி பிடித்திருந்தது.

அங்கே வேலை பார்த்த கீரியின் பெயர் குஞ்சிதபாதம். ஒல்லி உடம்பு, குளிர் தாங்காது. தன் வாலையே மப்ளராகக் கழுத்தில் சுற்றிக்கொண்டுதான் கீபோர்டைத் தட்டுவான். குகை வாசலில், வெயில் விழுகிற இடத்தில், ஒரு நாற்காலி இருந்தது. அது குழுத் தலைவருடையது. பழைய தலைவரான முள்ளம்பன்றி வேறு காட்டுக்கு மாற்றலாகிப் போனதிலிருந்து அது காலியாகக் கிடந்தது. அந்த நாற்காலி கிடைத்தால் போதும், சம்பளம்கூட ஏற வேண்டாம் என்று குஞ்சிதபாதம் ஏங்கிக்கொண்டிருந்தான். பாவம், அவனுக்கு வேறு ஆசையே கிடையாது.

அந்த இயந்திரத்திடம் ஒரு வழக்கம் உண்டு. எந்தப் புரோகிராமை ஓட்டுவதாக இருந்தாலும், டிஸ்க்கில் எவ்வளவு இடம் வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். இடத்தைச் சிலிண்டர் கணக்கில் கேட்பார்கள்; அடுப்பு எரிக்கிற சிலிண்டருக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. குறைத்துக் கேட்டால் புரோகிராம் பாதியில் செத்து விழும். கூட்டிக் கேட்டால் ஏன் என்று கேட்க ஆளில்லை. ஆகவே எல்லா மிருகங்களும் தாராளமாகவே கேட்கும். குஞ்சிதபாதம் மட்டும் உட்கார்ந்து கணக்குப் போட்டு, எது தேவையோ அதை மட்டும் கேட்பான். அதில் அவனுக்கு ஏகப்பட்ட பெருமை.

பக்கத்து மேஜைக் கரடி ஜம்புலிங்கம் இதற்கு நேர்மாறு. ஒரே ஒரு கறையான் புற்றின் கணக்கெடுப்புக்கு டிஸ்க்கில் பாதியைக் கேட்டு வாங்கி, அதில் ஒரு வரிகூட எழுதாமல் போட்டுவைத்திருந்தார். ஏன் என்று கேட்டால் ஜென் தத்துவம் என்பார். மதியம் சாப்பிட்டு முடித்துக் கண்ணை மூடிச் சரிந்து உட்காருவாரே, அதுவும் ஜென்தான். குறட்டை எதில் சேர்த்தி என்று அவரும் சொல்லவில்லை, யாரும் கேட்கவும் இல்லை.

குஞ்சிதபாதத்துக்கு ஒருநாள் பொறுக்கவில்லை. "அண்ணே, இவ்ளோ இடத்த வாங்கி சும்மா போட்டு வச்சிருக்கீங்களே, நியாயமா?" என்று கேட்டுவிட்டான்.

"தம்பி, நீ இடத்துக்குள்ள என்ன இருக்குன்னு பாக்குற. நான் இடத்தையே பாக்குறேன்," என்றார் ஜம்புலிங்கம், கண்ணைத் திறக்காமலே. எழுதாத ஃபைலில் இதுவரை ஒரு பிழையாவது வந்திருக்கிறதா, யோசித்துப் பார் என்றும் சொன்னார். குஞ்சிதபாதம் யோசித்துப் பார்த்தான். அந்தப் பேச்சில் தப்புக் கண்டுபிடிக்க முடியாததுதான் அவனுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

மழைக்காலம் நெருங்கியது. வெள்ளம் வந்தால் எந்த மிருகம் எந்த மேட்டில் ஏறுவது என்று ஒதுக்கித் தரும் பெரிய புரோகிராமை ஓட்டினார்கள். இயந்திரம் சற்று முனகிவிட்டு, டிஸ்க்கில் இடமில்லை என்று நின்றுவிட்டது. வெளியே வானம் கறுத்துக்கொண்டு வந்தது. எந்த மேட்டுக்குப் போவது என்று தெரியாமல் முயல்கள் குட்டிகளோடு வாசலில் வந்து நின்றன.

மேலாளர் மயில் சொக்கலிங்கம் அவசரக் கூட்டம் போட்டார். அவர் தோகையை விரித்ததில், பின்னால் இருந்தவர்களுக்கு ஒன்றும் தெரியவில்லை. எல்லாரும் தங்கள் இடத்தில் கொஞ்சம் விட்டுக்கொடுத்தால்தான் காடு பிழைக்கும் என்று சொல்லிவிட்டு, முதலில் குஞ்சிதபாதத்தைப் பார்த்தார். நாற்காலிக்கு அவனைத்தான் அவர் மனதில் வைத்திருந்தார். அது அவனுக்கும் தெரியும்.

"என்கிட்ட விட்டுக்கொடுக்க ஒண்ணும் இல்ல சார். வாங்குனது அத்தனையும் உபயோகத்துல இருக்கு," என்றான் குஞ்சிதபாதம். சொல்லிவிட்டு, பாராட்டு வரும் என்று காத்திருந்தான்.

பாராட்டு வரவில்லை. குரங்கு உச்சுக்கொட்டியது. நரி, இந்தக் காலத்தில் எல்லாரும் இப்படித்தான் என்று பொதுவாகச் சொன்னது. தங்கள் இடத்தைத் தருவதாக அவை இரண்டும் வாய் திறக்கவில்லை என்பதை யாரும் கவனிக்கவில்லை.

அப்போது ஜம்புலிங்கம் எழுந்தார். வந்துகொண்டிருந்த கொட்டாவியைப் பெருமூச்சாக மாற்றிக்கொண்டு, "என் இடம் முழுசையும் எடுத்துக்கங்க. எனக்குன்னு ஒண்ணும் வேணாம்," என்றார்.

மயிலுக்குக் கண் கலங்கிவிட்டது. புரோகிராம் தடையில்லாமல் ஓடி முடிந்தது. முயல்கள் கரடியின் காலில் விழுந்துவிட்டுத் தங்கள் மேட்டைப் பார்க்க ஓடின. கூட்டமே கைதட்டியது.

குஞ்சிதபாதத்துக்கு வயிறு எரிந்தது. சும்மா இருந்திருக்கலாம், இருக்கவில்லை. "சார், அவர் அடைச்சு வச்சதாலதானே இடமே இல்லாம போச்சு?" என்று கேட்டான்.

மயில் அவனை வருத்தத்தோடு பார்த்தார். "உங்க வேலையில குறையே சொல்ல முடியாது, குஞ்சிதபாதம். மனப்பான்மைதான் சரியில்ல," என்றார்.

வாசல் நாற்காலி ஜம்புலிங்கத்துக்குப் போனது. மழை நின்ற மறுநாளே அவர் இளவெயிலில் கால் நீட்டி ஜென்னில் ஆழ்ந்தார். குஞ்சிதபாதம் தன் மேஜையில் உட்கார்ந்து அழுதான். கேட்டவர்களிடம் சளி என்றான்.

வெள்ளக் கணக்கு முடிந்து டிஸ்க் மறுபடி காலியானதும், பல்லிகளின் வாலை எண்ணும் சின்ன வேலை ஒன்று அவனுக்கு வந்தது. எவ்வளவு இடம் வேண்டும் என்று இயந்திரம் கேட்டது. வழக்கம்போல் கணக்குப் போட்டு, தேவையானதை எழுதினான். கொஞ்ச நேரம் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு எழுதியதை அழித்துவிட்டு, இருக்கிற இடம் அத்தனையும் வேண்டும் என்று கேட்டான். இயந்திரம் மறுபேச்சில்லாமல் கொடுத்தது. குஞ்சிதபாதம் சம்மணம் போட்டு உட்கார்ந்து, கண்ணை மூடி, அடுத்த வெள்ளத்துக்காகக் காத்திருந்தான்.

நீதி: தேவைக்கு மேல் பதுக்கி வையுங்கள்; நாளைக்குத் தியாகம் செய்யக் கையில் ஏதாவது இருக்க வேண்டாமா?