திருத்தப்பட்ட தெரு

“வாடகையை ஏத்தாம என்ன சார் பண்றது? தெரு அப்படி இருக்கு,” என்றார் வீட்டுக்காரர், தெருவைத் தானே பெற்று வளர்த்தவர் போல.

குடியிருந்தவர் தெருவை எட்டிப் பார்த்தார். அச்சகத்தில் மெய்ப்புத் திருத்துகிறவர் அவர். இருபது வருடமாக அடுத்தவர் பிழைகளைப் பொறுக்கியே பிழைக்கிறவர். இந்தத் தெருவில் பிழைக்கா பஞ்சம்? திறந்த சாக்கடை, காதைக் கிழிக்கும் இரும்புப் பட்டறை, ஆளைத் துரத்தும் நாய்கள். ஆனாலும் காலி செய்ய முடியாது. மனைவிக்கு அடுத்த தெரு ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை. வேறு இடம் போனால் இரண்டு பஸ் மாற வேண்டும். அவளுடைய முழங்கால் ஒரு பஸ்ஸுக்கே தகராறு செய்யும்.

தெருவின் பெயரைக் கெடுத்தால் வாடகை தானாக இறங்கும் என்று அவருக்குத் தோன்றியது. சாக்கடையைப் பற்றிப் பத்திரிகைக்கு ஒரு கடிதம் எழுதினார். படிக்கிறவர் மூக்கைப் பொத்திக்கொள்ளும்படி எழுதினார். கெட்ட காலம், அதில் ஒரு பிழைகூட இல்லை. அதிகாரிகள் அலறியடித்துக்கொண்டு வந்து பத்தே நாளில் சாக்கடைக்கு மூடி போட்டு, அதன்மேல் நடைபாதையும் போட்டார்கள். பின்னாலேயே வீட்டுக்காரர் வந்தார்.

“இப்ப நடைபாதை வேற இருக்கு சார்.”

மனிதர் அசரவில்லை. பட்டறைச் சத்தத்தைப் பற்றி எழுதினார். பட்டறை ஊருக்கு வெளியே போய், அந்த இடத்தில் கண்ணாடிச் சுவர் வைத்த காபிக் கடை முளைத்தது. அங்கே ஒரு கோப்பை குடிக்கிற காசுக்கு வீட்டில் ஒரு வாரம் குடிக்கலாம். வாடகை மறுபடி ஏறியது. காய்கறிக்காரரும் விலையை ஏற்றினார். கேட்டால், இந்தத் தெருவில் மலிவாக விற்றால் மட்டமான சரக்கு என்று யாரும் தொடுவதில்லையாம்.

“ஏங்க, அந்தப் பேனாவைக் கொஞ்சம் கீழ வைங்களேன்,” என்றாள் மனைவி. “நீங்க ஒரு கடுதாசி போட்டா, நான் மாசத்துக்கு நாலு டியூட்டி கூடப் பாக்க வேண்டியிருக்கு.”

மிச்சமிருந்தது நாய்கள்தான். இந்த முறை அதிகாரிகள் மதிக்காதபடி தப்பும் தவறுமாக எழுத உட்கார்ந்தார். ‘நாய்’ என்பதை ‘ணாய்’ என்று எழுதினார். அதைக் கையால் மறைத்துக்கொண்டு மிச்சத்தை எழுதினார். தபாலில் போடுமுன் ஒரே ஒரு தடவை படித்துப் பார்த்தார். அதோடு போயிற்று. பழக்கப்பட்ட கை சும்மா இருக்குமா? கடிதம் குற்றம் குறையில்லாமல் போய்ச் சேர்ந்தது. அடுத்த வாரமே வண்டி வந்து நாய்களை அள்ளிக்கொண்டு போனது.

அதற்குமேல் ஏறிய வாடகை அவர்களுக்கு எட்டவில்லை.

காலி செய்த அன்று, மனைவி மாடிப்படியில் உட்கார்ந்து முழங்காலை நீவிக்கொண்டிருந்தாள். ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் அவருக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

அவர் கட்டிலின் ஒரு முனையைத் தூக்கிக்கொண்டு இறங்கும்போது, வீட்டுத் தரகர் ஒருவர் புதிதாகக் கல்யாணமான ஜோடியைக் கூட்டிக்கொண்டு மேலே ஏறினார். கட்டில் போவதற்காக மூவரும் சுவரோரம் ஒதுங்கினார்கள். இந்தப் புறாக்கூண்டுக்கா இவ்வளவு வாடகை என்று அந்தப் பெண் கேட்டாள்.

“வீட்டுக்கு இல்லம்மா,” என்றார் தரகர். “இந்தத் தெருவில யாரோ ஒருத்தர் குடியிருக்காராம். எது கெட்டாலும் ஒரே கடுதாசியில சரி பண்ண வெச்சிடுவாராம். அவர் இருக்கார்ங்கிற தைரியத்துக்குத்தான் இந்த வாடகையே!”