பின்வாங்கத் தெரியாதவன்

நான் ஒரு முடிவுக்கு வந்துவிட்டேன். வேலைக்கு ஒரு கும்பிடு, வீட்டுக்கு ஒரு கும்பிடு, இந்தியானா பனிக்கு இரண்டு கும்பிடு. இனிமேல் சக்கரத்தின் மேல்தான் வாழ்க்கை. சொந்தமாக ஒரு கேரவன். அதில் நான் மட்டும்.

'மட்டும்' என்ற சொல்லைக் கொஞ்சம் அழுத்திப் படிக்கவும்.

எங்கள் ஊர் எல்கார்ட்டில் தடுக்கி விழுந்தால் கேரவன் தொழிற்சாலை வாசலில்தான் விழவேண்டும். அப்படி ஒரு வாசலில் வாலிபத்திலேயே விழுந்தவன் நான். காலை ஐந்து மணி ஷிப்ட். கேரவன்களுக்குக் கக்கூஸ் பொருத்துகிற வேலை. நாடு பூராவும் எவனெவனோ மலை பார்க்கிறான், கடல் பார்க்கிறான், பாலைவனத்தில் சூரியன் மறைவதைப் பார்க்கிறான். எல்லாரும் உட்கார்ந்திருப்பது நான் முடுக்கிக் கொடுத்த இருக்கையில். நான் பார்த்ததெல்லாம் அந்த இருக்கையின் அடிப்பாகம். இதற்குமேல் ஒரு மனிதனுக்குக் கோபம் வர என்ன வேண்டும்?

சரி, ஏன் தனியாக? அதையும் சொல்லிவிடுகிறேன்.

என் மனைவி லொரெட்டா இருபத்தாறு வருஷம் பள்ளிக்கூடப் பஸ் ஓட்டியவள். தலைக்கு மேலே இருக்கிற கண்ணாடியில் அறுபது பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டே ஓட்டுவாள். "பில்லி, உட்காரு" என்பாள், பின்னால் பார்க்காமலேயே. போன வருஷம் ஓய்வு பெற்றுவிட்டாள். அன்றிலிருந்து அறுபது பிள்ளைகளுக்கான கண்டிப்பு மொத்தமும் ஒரே ஆளின் தலையில் இறங்கியது. "டெல்மார், உட்காரு. டெல்மார், மெல்லுறப்போ பேசாத. டெல்மார், ஜன்னலுக்கு வெளிய கைய நீட்டாத." ஜன்னல் எங்கள் வரவேற்பறை ஜன்னல்.

தனிக்குடித்தனம் என்றால் புருஷனும் பெண்டாட்டியும் மாமியாரை விட்டுப் பிரிந்து போவது. நான் அதை ஒரு படி மேலே கொண்டுபோகத் தீர்மானித்தேன்.

இரவுச் சாப்பாட்டின்போது விஷயத்தை உடைத்தேன். உருளைக்கிழங்கு மசியல், அதன் மேல் கோழி நூடுல்ஸ்.

"லொரெட்டா, நான் ஒரு முடிவு எடுத்திருக்கேன்."

"தாடியில நூடுல்ஸ் தொங்குது. மொதல்ல அத எடு."

எடுத்தேன்.

"ரிட்டயர் ஆனதும் கேரவன் வாங்கி ஊர் சுத்தப் போறேன்."

"சரி."

"லீவுக்கு இல்ல. வருஷம் பூராவும்."

"சரி."

"தனியா."

அவள் கரண்டியால் இன்னும் கொஞ்சம் மசியலை என் தட்டில் வைத்தாள். "உப்பு போதுமா?"

"தனியான்னு சொன்னேன்."

"காதுல விழுந்துச்சு. உப்பு போதுமான்னு கேட்டேன்."

"போதும்."

"அப்ப சாப்பிடு. ஆறிடும்."

அவ்வளவுதான். அழவில்லை. தட்டை எறியவில்லை. நாற்பத்தோரு வருஷம் குடும்பம் நடத்திய புருஷன் தனியாகப் போகிறேன் என்கிறான், இவள் உப்பு விசாரிக்கிறாள். எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது. வருத்தம் கோபமாக மாறியது. இனி என்ன ஆனாலும் போயே தீருவதென்று நூடுல்ஸ் மேல் சத்தியம் செய்தேன்.

மறுநாள் பக்கத்து வீட்டு வெண்டெலிடம் சொன்னேன். வெண்டெல் தன் கராஜில் மரவேலை செய்கிறவன். அவன் உளியும் ஓயாது, வாயும் ஓயாது.

"ஏம்பா டெல்மார், ஒனக்கு ரிவர்ஸ் எடுக்கத் தெரியுமா?"

"நான் எதுக்கு ரிவர்ஸ் எடுக்கணும்? முன்னாடி போறதுக்குத்தான் வண்டி."

"போற எடத்துல நிறுத்தணுமில்ல? கேரவன் மைதானத்துல மரத்துக்கும் மரத்துக்கும் நடுவுல பின்பக்கமா நுழைச்சுத்தான் நிறுத்தணும். புதுசா ஒரு வண்டி வந்தாப் போதும், அக்கம்பக்கத்துல இருக்கிறவன் எல்லாம் நாற்காலியத் தூக்கிட்டு வந்து ஒக்காந்துருவான். புருஷன் ஓட்டுவான், பெண்டாட்டி பின்னாடி நின்னு கை காட்டுவா. சண்டை பிரமாதமா இருக்கும்."

"என் வண்டியில பெண்டாட்டியே இல்லியே. சண்டை எங்கேர்ந்து வரும்?"

"கை யாரு காட்டுவா?"

"வெண்டெல், நான் எதுலயும் பின்வாங்க மாட்டேன்."

"மாட்டியா, இல்ல, தெரியாதா?"

இந்த மாதிரி ஆளிடம் பேசுவது நேரத்துக்குக் கேடு. வந்துவிட்டேன்.

ஓய்வு பெற்ற கையோடு கேரவனை வாங்கினேன். பழசுதான். முப்பத்திரண்டு அடி நீளம். பின்பக்கக் கேமரா இருந்தது, படம்தான் வரவில்லை. கக்கூஸ் மட்டும் உறுதி. யார் பொருத்தியது என்று பார்த்ததும் தெரிந்தது. வீட்டு வாசலுக்குக் கொண்டுவந்து பின்பக்கமாக உள்ளே விட்டேன். வாசலோரம் கம்பத்தில் நட்டிருந்த தபால் பெட்டி விழுந்தது. நட்டுவிட்டு மறுபடி விட்டேன். மறுபடி விழுந்தது.

லொரெட்டா காபிக் கோப்பையோடு வாசல்படிக்கு வந்தாள்.

"நான் கத்துக் குடுக்கட்டா?"

"வேண்டாம்."

தபால் பெட்டி மூன்றாம் முறை விழுந்தபோது தபால்காரரே கையில் கடிதங்களோடு நின்றுகொண்டிருந்தார்.

"சரி, ஒரே ஒரு வாரம்" என்றேன்.

ஒரு வாரம் ஆறு வாரமானது. சர்ச்சுக்குப் பின்னால் இருக்கிற கார் நிறுத்துமிடத்தில் பாடம். நான் ஓட்டுவேன், அவள் பின்னால் நின்று கை காட்டுவாள். முதல் விதி: அவள் எப்போதும் என் பக்கக் கண்ணாடியில் தெரியவேண்டும், தெரியாவிட்டால் வண்டி நின்றுவிட வேண்டும். அடுத்தது கை பாஷை.

"தலையத் தட்டினா, வா. மூக்கத் தொட்டா இடது. காதத் தொட்டா வலது. இப்படி ரெண்டு கையாலயும் வா வான்னு கூப்பிட்டா, நில்லு."

"கூப்பிட்டா வரத்தானே வேணும்?"

"அதெல்லாம் சாதாரண டிரைவருக்கு. ரெண்டு கையையும் தலைக்கு மேல குறுக்கா வச்சு ஆட்டினா, பிரமாதமா வருது, தைரியமா வான்னு அர்த்தம்."

"குறுக்கா வச்சா நில்லுன்னு எங்கியோ பாத்த ஞாபகம்."

"டெல்மார், பஸ் ஓட்டினது நீயா நானா?"

கேள்விக்குப் பதில் தெரிந்திருந்ததால் வாயை மூடிக்கொண்டேன்.

சும்மா சொல்லக்கூடாது, நன்றாகக் கற்றுக்கொடுத்தாள். ஆறாவது வாரம் அவள் மூக்கைத் தொடுவதற்கு முன்னாலேயே என் கை ஸ்டியரிங்கைத் திருப்பியது. தபால் பெட்டியைத் தொடாமல் வீட்டு வாசலுக்குள் நுழைத்தேன். தபால்காரர் கை தட்டினார். அவள் முகத்திலும் ஒரு சந்தோஷம். ஒரு கணம், ஒரே கணம், இவளையும் கூப்பிடலாமா என்று தோன்றியது. பல்லைக் கடித்துக்கொண்டேன். ஆண்பிள்ளை சொன்ன சொல் என்று ஒன்று இருக்கிறதே.

"நான் இல்லாட்டி என்ன? கேரவன்காரங்க நல்லவங்க. பின்னாடி நின்னு கை காட்ட எங்கியும் ஒருத்தர் இருப்பாரு" என்று அவளே தைரியம் சொல்லி வழியனுப்பினாள்.

முதல் பயணம். வெள்ளோட்டம்தான். மிச்சிகன் ஏரிப் பக்கம், வீட்டிலிருந்து ஒரு மணி நேரத் தொலைவில் ஒரு கேரவன் மைதானம். இதில் ஜெயித்தால் அடுத்த வாரம் அரிசோனா. வழியெல்லாம் உரக்கப் பாடிக்கொண்டே ஓட்டினேன். யாரும் நிறுத்தச் சொல்லவில்லை. ஜன்னலுக்கு வெளியே முழங்கை வரை கையை நீட்டினேன்.

மைதானத்து ஆபீஸில் இருந்த அம்மாள், "நேரா நுழைஞ்சு நேரா போற எடமெல்லாம் நிரம்பிடுச்சு. பின்னால எடுத்து நிறுத்துற எடம் ஒண்ணுதான் இருக்கு. பரவாயில்லியா?" என்றாள்.

"எனக்கு எல்லாம் ஒண்ணுதான்" என்றேன்.

என் வண்டி வளைவில் திரும்பியதும் வெண்டெல் சொன்னது அப்படியே நடந்தது. ஒவ்வொரு கேரவன் கதவும் திறந்தது. மடக்கு நாற்காலிகள் வந்தன. ஒரு அம்மாள் சோளப்பொரிக் கிண்ணத்தோடு வந்து உட்கார்ந்தாள். அவள் புருஷன், அயோவாக்காரர், ஆறடி உயரம், தங்கமான மனுஷர், ஓடிவந்தார்.

"தனியாவா வந்தீங்க? கவலைப்படாதீங்க, நான் கை காட்டுறேன்."

எனக்குப் பெருமையாக இருந்தது. கண்ணாடியில் பார்த்தேன். தெளிவாகத் தெரிந்தார்.

அவர் இரண்டு கையாலும் வா வா என்றார். நான் நின்றேன்.

இன்னும் வேகமாக வா வா என்றார். பிரேக்கை இன்னும் அழுத்தினேன்.

நாற்காலிக்காரர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பாவம், அந்த மனுஷருக்கு வியர்த்துவிட்டது. குழப்பத்தில் தலையைத் தட்டி யோசித்தார். நான் பின்னால் வந்தேன். ஒரு கொசு அவர் மூக்கில் உட்கார்ந்தது போலிருக்கிறது, அடித்தார். நான் இடது பக்கம் ஒடித்தேன். அந்தப் பக்கம் சாப்பாட்டு மேஜை இருந்தது. அவர் பதறிப்போய் இரண்டு கையையும் தலைக்கு மேல் குறுக்கே வைத்து ஆட்டினார். பிரமாதமாக வருகிறது என்கிறார். தைரியமாக வந்தேன். மேஜை நொறுங்கியது. அவர் கையை இன்னும் பலமாக ஆட்டினார். இவ்வளவு பாராட்டை நான் வாழ்நாளில் பார்த்ததில்லை. இன்னும் தைரியமாக வந்தேன். தண்ணீர்க் குழாய் பிடுங்கிக்கொண்டு வானத்துக்குப் பீய்ச்சியது.

ஊர் உலகத்தில் கை பாஷை வேறு என்று எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் ஆறு வாரப் பயிற்சி காலுக்குள் இறங்கிவிட்டது. கால் என்னைக் கேட்காமலேயே வேலை செய்தது.

யாரோ குழாயை அடைத்தார்கள். திறந்த ஜன்னல் வழியாக நனைந்த சட்டையோடு டிரைவர் இருக்கையில் உட்கார்ந்திருந்தேன். முன்னாலும் போக முடியாது, பின்னாலும் போக முடியாது. நாற்காலிகள் இரண்டு வரிசையாகிவிட்டன. போனை எடுத்தேன்.

"லொரெட்டா, நீ கொஞ்சம் வா."

"எங்க?"

"இங்க."

"எதுக்கு?"

"கண்ணாடியில நிக்க."

"அதுக்கு மட்டும்தானா?"

போனைக் காதில் வைத்தபடி கண்ணாடியைப் பார்த்தேன். அயோவாக்காரர் மூக்கைத் தேய்த்துக்கொண்டிருந்தார். இப்படி நாடெங்கும் யாரோ ஒருத்தரைக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டு எத்தனை நாள்? அரிசோனாவில் சூரியன் மறையும்போது, அதோ பார் என்று யாரிடம் சொல்வேன்?

"இல்ல" என்றேன். "கூடவே வா. போற எடத்துக்கெல்லாம்."

"இத அன்னிக்கு அந்த நூடுல்ஸோட கேட்டிருந்தா என்ன, டெல்மார்? நானும் பஸ்ஸுலயே இருபத்தாறு வருஷம் ஒரே தெருவச் சுத்தினவதானே. சரி, உட்காரு. காபியக் குடிச்சுட்டு வரேன்."

"ஒரு மணி நேரம் ஆகுமே."

"மைதானத்து வாசல்லதான் குடிச்சுக்கிட்டிருக்கேன்."

வெண்டெலின் பிக்கப் வண்டி வளைவில் திரும்பியது. லொரெட்டா இறங்கி என் வண்டிக்குப் பின்னால் போனாள். கண்ணாடியில் தெரிந்தாள். தலையைத் தட்டினாள், காதைத் தொட்டாள், தலையைத் தட்டினாள். வெண்ணெயில் கத்தி போல உள்ளே போய் நின்றேன். நாற்காலிகள் எழுந்து நின்று கை தட்டின.

சோளப்பொரி அம்மாள் அவளிடம் கேட்பது ஜன்னல் வழியாகக் கேட்டது. "இது என்னங்க கை பாஷை? நாங்க பாத்ததே இல்லியே."

"நீங்க பாத்திருக்க மாட்டீங்க. நானா கட்டினது. பஸ் டெப்போல இப்படிக் காட்டியிருந்தா அன்னிக்கே என்ன வீட்டுக்கு அனுப்பியிருப்பாங்க."

இறங்கினேன். ரோஷம் ரோஷம்தான்.

"லொரெட்டா, ஒண்ணு சொல்லிடுறேன். இந்த மேஜை, குழாய் விவகாரம் முடியட்டும். ஊர் பாஷைய நாலே நாள்ல கத்துக்கிட்டு நான் தனியாவே கெளம்பிருவேன். என் முடிவு முடிவுதான்."

"சரி" என்றாள். "அதுவரைக்கும் பேர்ப் பலகைய நட்டு வைப்போம்."

கேரவன்காரர்கள் எங்கே தங்கினாலும் வண்டிக்கு முன்னால் குடும்பத்தின் பெயரைப் பலகையில் செதுக்கி நட்டு வைப்பது வழக்கம். வெண்டெல் பிக்கப்பின் பின்புறத்திலிருந்து ஒரு பலகையைத் தூக்கிவந்தான். நல்ல வால்நட் மரம். நாலு பூச்சு வார்னிஷ். மேலே பெரிய எழுத்தில் 'லொரெட்டா ஹோஸ்டெட்லர்'. கீழே சின்ன எழுத்தில் 'உடன் வருபவர்: டெல்மார்'.

"அருமையான வேலைப்பாடு" என்றார் அயோவாக்காரர். "எப்ப செஞ்சது?"

"லொரெட்டா ஏப்ரல்லயே செய்யச் சொல்லிட்டாங்க" என்றான் வெண்டெல், சுத்தியலைத் தேடிக்கொண்டே.

நான் தனியாகப் போவதென்று முடிவெடுத்ததே மே மாதத்தில்தான்.