எட்டு மில்லிசெகண்ட் மனிதர்

சராசரியார் என்றொரு மனித இனம் உண்டு. ஆபீசுக்கு ஒருவராவது இருப்பார். எங்கள் ஆபீசில் இருப்பவர் ஒருவரே ஒன்பது பேருக்குச் சமம். கல்லூரிச் சேர்க்கைப் பதிவுகளெல்லாம் எங்கள் டேட்டாபேஸில்தான்; பன்னிரண்டு கம்ப்யூட்டர்கள் பங்குபோட்டுச் சுமக்கின்றன, ஒருவர் பதிவு ஒரு கம்ப்யூட்டரில் மட்டும். யாராவது தம் பதிவைத் திறந்தால் அது ஒரு 'ரீட்'. ரீட்கள் எத்தனை வருகின்றன, பதில் போக எவ்வளவு நேரமாகிறது என்று கண்காணிப்பதுதான் இவருடைய உத்தியோகம்.

காலையில் வந்ததும் பையை வைப்பார், கண்ணாடியைத் துடைப்பார், சுவரிலுள்ள பெரிய திரையை அண்ணாந்து நோக்கி, அதிலுள்ள எண்களில் சராசரிப் பதில் நேரத்தை மட்டும் பெற்ற பிள்ளையைப் பார்ப்பதுபோல் பார்த்துவிட்டு, "எட்டு மில்லிசெகண்ட்! ராஜா மாதிரி ஓடுது" என்பார். பன்னிரண்டுக்கும் தனித்தனிக் கோடு போட்டால் கண்ணைக் குத்துகிறதென்று எல்லாவற்றையும் ஒரே சராசரிக் கோடாக்கியவரும் இவரே. புகார் வந்தால்? "உங்க நெட்டைப் பாருங்க." தீர்ந்தது விஷயம்.

போன வாரம், கல்லூரியில் கிடைத்த இடத்தை உறுதிசெய்யக் கடைசி நாள். மாலை ஐந்தோடு சரி. மூன்று மணிக்கு, புகார் போன் எடுக்கும் அக்கா ஓடி வந்தார்.

"சார், பிள்ளைங்க அழுறாங்க. பக்கம் சுத்திக்கிட்டே இருக்காம்."

"ஆறு மில்லிசெகண்ட்மா! எட்டுகூட இல்ல. இன்னிக்குத்தான் சாதனை."

"ரீட் குறைஞ்சிருக்கே சார்?"

"கூட்டம் வடிஞ்சிருக்கு."

எங்கே வடிந்தது? எப்போதுமே இழுத்து இழுத்துப் பதில் சொல்லும் ஏழாவது கம்ப்யூட்டர் அன்று அடியோடு வாயை மூடிவிட்டது. அந்தக் கோடோ, பதில் போன ரீட்களின் நேரத்தை மட்டும் கூட்டி வகுக்கும். பதிலே போகாதவை கணக்கிலேயே சேராது. மந்தமான பிள்ளை பரீட்சைக்கு வராததால் வகுப்பின் சராசரி ஏறிவிட்டது, அவ்வளவுதான்.

நாலரைக்குச் சராசரியாரின் மகளிடமிருந்து போன். "அப்பா, என் பக்கம் திறக்கலப்பா. சீட்டு போயிடும்பா."

"உன் நெட்டைப் பாரு, கண்ணு."

"அம்மா போன், பக்கத்து வீட்டு கம்ப்யூட்டர், எல்லாத்துலயும் பாத்துட்டேன். என் ஃப்ரெண்டுக்கு உடனே வந்துச்சு. எனக்கு மட்டும்தான் வரல." குரல் உடைந்துவிட்டது.

மனிதர் திரையைப் பார்த்தார். ஆறு. போனைப் பார்த்தார். அழுகை. எனக்கே பாவமாகிவிட்டது.

"மொத்தமா பாக்காதீங்க சார், ஒண்ணொண்ணா பிரிச்சுப் பாருங்க!" என்று அக்கா மவுஸைப் பிடுங்கினார். பதினொரு கோடுகள் துள்ளிக்கொண்டிருந்தன. ஏழாவது தரையோடு தரையாகக் கிடந்தது. அதைத் தட்டியெழுப்பிய பிறகு, மகள் தன் இடத்தை உறுதிசெய்தபோது மணி நாலு ஐம்பத்தெட்டு.

மூன்று மணிக்கே "உங்க நெட்டைப் பாருங்க" என்ற பதிலைக் கேட்டுக்கொண்டு வேறு நெட் தேடிப் போன பிள்ளைகளில் எத்தனை பேர் திரும்பி வந்தார்களோ தெரியாது. அதற்குக் கோடு கிடையாது.

மறுநாள் சராசரியார் அறிக்கை அனுப்பினார்: "சேர்க்கை நாள் சராசரி ஆறு மில்லிசெகண்ட். மிகச் சிறப்பு."

சிரிக்கிறீர்களா? தாராளமாகச் சிரியுங்கள். நேற்று யாரோ "வீட்டுல எல்லாரும் சௌக்கியமா?" என்று கேட்டதற்கு, "எல்லாரும் சௌக்கியம்" என்று பட்டென்று சொன்னீர்களே, ஒவ்வொருவராகப் பார்த்துவிட்டா சொன்னீர்கள்? நாலு நாளாக வாயே திறக்காமல் உங்கள் வீட்டில் ஒருவர் இருக்கிறாரே, அவரையும் சேர்த்தா?